குற்றத்தை மறுப்பது பொய்யாகுமா?

கேள்வி: செய்த செயலை ஒப்புக்கொள்ளும் ஒருவர், நீதிமன்றத்தில் 'நான் குற்றவாளி அல்ல' என்று கூறலாமா?

பதில்: தாராளமாகக் கூறலாம், அது பொய்யாகாது. குற்றத்தை மறுப்பது என்பது, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அதனை நிரூபிக்குமாறு அரசுத் தரப்பைக் கோருவதே ஆகும். அப்பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது என்பதை 1935ஆம் ஆண்டு உல்மிங்டன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அழுத்தமாக உரைத்தது. கத்தியுடன் பாய்ந்தவரைத் தள்ளிவிட்டதில் அவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார் எனக் கொள்வோம்: தள்ளியது உண்மைதான், ஆனால் அளவு மீறாத தற்காப்பு குற்றமாகாது. சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்னும் வாதமோ செயலையே மறுப்பது. வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் மட்டும் தயவுசெய்து குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் சாட்சி விசாரணையே இன்றித் தண்டனை வந்துவிடும் என்பதால், முதலில் நடந்ததை ஒளிக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.