மச்சானுக்கு அறுபது நாள் தவணை

கேள்வி: வியாபாரத்தில் யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று எப்படித் தீர்மானிப்பது? நான் சின்ன அளவில் தறி வைத்துப் பெட்ஷீட் நெய்கிறேன். திருப்பூரில் புதிதாகக் கடை போட்டிருக்கும் ஒருவர் நாலு லட்ச ரூபாய்க்குச் சரக்கு கேட்கிறார். பணம் 60 நாள் கழித்துத் தருவாராம். நல்ல மனிதர். சுற்றி வளைத்துப் பார்த்தால் எனக்கு மச்சான் முறை வேண்டும்.

- பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னிமலை

பதில்: அந்த மச்சான் முறையை யார் முதலில் கண்டுபிடித்தது, நீங்களா அவரா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! அவர்தான் என்றால், எத்தனை டீ குடித்த பிறகு கண்டுபிடித்தார்?

நம் ஊர்ப் பக்கம் சரக்கு ஏற்றும்போது எல்லோரும் சொந்தம்தான். டெம்போ கிளம்பும்வரை நீங்கள் 'மாப்ள'. முப்பதாம் நாள் போன் செய்தால் 'தம்பி, மார்க்கெட் கொஞ்சம் டல்லுங்க'. அறுபதாம் நாள் 'சார், ஆடிட்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்'. தொண்ணூறாம் நாள் போனை எடுப்பது ஒரு சின்னப் பையன். 'அப்பா குளிக்கறாங்க' என்பான். நீங்கள் ஒரு வாரம் விடாமல் கூப்பிட்டாலும் அவர் குளித்துக்கொண்டேதான் இருப்பார்.

அதுகூடப் பரவாயில்லை. மச்சான் என்பதால் காதுகுத்து, சீர் என்று எங்கேயாவது எதிரில் வந்து நிற்பார். பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் பாக்கி கேட்க முடியுமா? கேட்டால், 'சோத்துல கை வைக்கற நேரத்துல கேக்கறான் பாரு' என்று சபை உங்களைத்தான் பேசும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய்யும் எழுதிவிட்டு வருவீர்கள். வராத நாலு லட்சத்தோடு அந்த ஆயிரத்தொன்றும் சேர்த்தி.

மொய் என்றதும்தான் தோன்றுகிறது. அத்தை வைத்த 501 ரூபாயைக்கூட ஊர், பெயரோடு நோட்டில் பதிந்து பீரோவில் பூட்டி வைக்கிற கூட்டம் நாம். அத்தையை நம்பாமலா எழுதுகிறோம்? ஆனால் நாலு லட்ச ரூபாய் பெட்ஷீட்டை மட்டும் வாய்ச்சொல்லில் ஏற்றி அனுப்புகிறோம்.

வாக்குக்குப் பேர் போன நகரத்தார் பர்மாவில் எப்படி வட்டிக்கடை நடத்தினார்கள்? கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கள் ஆட்களைத்தான் அனுப்பினார்கள், பெரும்பாலும் சொந்த பந்தம். ஆனால் போகிறவர் சம்பளச் சீட்டில், அதாவது வேலை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். மூன்று வருஷக் கணக்கு. குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்கும். பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு ஊருக்கு வந்தாக வேண்டும். பங்காளி மகனாக இருந்தால் என்ன, கணக்கு வந்துவிட வேண்டும். யாரும் அதில் ரோஷப்படவில்லை.

ஆகவே உங்கள் மச்சான் நல்லவரா என்று நான் ஆராயப் போவதில்லை. நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர்களுக்கும் கடை நொடிக்கும். நாலு லட்சம் வராமல் போனால் உங்கள் தறி ஓடுமா? ஓடாது என்றால் முதல் லோடு ஐம்பதாயிரத்துக்கு மேல் வேண்டாம். அது சொன்ன தேதிக்கு வந்த பிறகு அடுத்ததைப் பேசுங்கள்.

அப்புறம் அந்த 60 நாள். உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுதி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தமே எழுதவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. உங்களிடம் பதிவு இல்லையென்றால் சரக்கை மூட்டை கட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். அவருடைய ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அரசு இணையதளத்தில் போட்டால், ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்று காசில்லாமல் தெரிந்துவிடும். அரசாங்கத்துக்கே ஆறு மாதமாகக் கணக்குக் காட்டாதவர் உங்களுக்கா காட்டப் போகிறார்?

இன்னொன்று, எந்த ஆடிட்டரும் சொல்லாதது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் கடைப் பக்கம் போய், மூட்டை இறக்குகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். வாரக் கூலி இன்றைக்கே கைக்கு வருமா, 'திங்கட்கிழமை பாத்துக்கலாம்' ஆகுமா? கூலிக்காரரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுகிறவர் உங்களைத் தீபாவளிக்குத் தள்ளுவார்.

'இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை, வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் நாணயமாக இருந்தது' என்று மாதம் தவறாமல் எனக்கு எழுதும் அன்பர் ஒருவர் உண்டு. இந்தப் பதிலுக்கும் எழுதுவார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. நூறு வருஷப் பெருமை, வெள்ளைக்காரத் துரை, வேறென்ன வேண்டும்? பென்ஷன் வாங்கியவர்களும் விதவைகளும் உட்பட ஆயிரக்கணக்கானோர் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி கம்பெனி கதவைச் சாத்தியது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். பணம் போட்டவர்களுக்காகக் கோர்ட்டில் மல்லுக்கட்டிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நகரத்தார் உள்ளிட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு மறு வருஷமே தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. அன்பர் பென்ஷன் வாங்குவது அந்த வங்கியில்தான் என்று அவரே ஒருமுறை எழுதியிருந்தார்.

பதில் எழுதுவதானால் எழுதட்டும். தபால் தலை மட்டும் சரியாக ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். போன இரண்டு கடிதங்களையும் நாங்கள் தண்டம் கட்டித்தான் வாங்கினோம்.