இத்தாலியின் பாதுவா நகரிலுள்ள மூலிகைத் தோட்டத்துக்கு வட்ட மதில் எதற்கு? போய்ப் பார்க்கலாமா?

மதில் கட்டியது திருட்டைத் தடுக்கத்தான். மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்து அடையாளம் காணட்டும் என்று 1545-ல் வெனிஸ் குடியரசு பாதுவா பல்கலைக்கழகத்துக்கு அமைத்துக் கொடுத்த தோட்டம் இது. அன்று மருந்துச் செடி நல்ல விலை போகும் சரக்கு. இரவில் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச வருடத்தில் மதில் எழுந்துவிட்டது. தொடங்கிய இடத்திலேயே இன்றும் இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் இதுதான் மிகப் பழையது.

தாராளமாகப் போகலாம். புனித அந்தோணியார் பேராலயத்திலிருந்து நடந்துவிடும் தூரம். பூக்களைப் பார்க்க வசந்த காலம் நல்லது. 1585-ல் நட்ட விசிறிப் பனையைத் தவறவிடாதீர்கள். அதற்கென்றே தனிக் கண்ணாடி வீடு! 1786-ல் ஜெர்மன் கவிஞர் கதே அதன் ஓலைகள் அடியிலிருந்து மேலே வடிவம் மாறுவதைக் கவனித்தார். அப்புறம் தாவர வளர்ச்சி பற்றி அவர் எழுதியதற்கு அதுவும் ஒரு தூண்டுதல். எனக்கு மதிலைவிட அந்தப் பனைதான் பெரிது.