கேப் டவுன்: அந்த ஒரு நாளை விட்டுவிடலாமா?

அன்புள்ள சார்,

வரும் மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு கேப் டவுன் போகிறோம். நான், கணவர், எட்டாம் வகுப்பு முடித்த மகள், என் மாமியார். மொத்தம் ஏழு நாட்கள். டிராவல்ஸில் கொடுத்த திட்டத்தில் நகரத்துக்கு இரண்டு நாள், கடற்கரைப் பக்கம் இரண்டு நாள், ஸ்டெல்லன்போஷ் ஒயின் பண்ணைகளுக்கு ஒரு முழு நாள் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அந்த நாளையும் கடற்கரைக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு ஒயின் பண்ணைப் பக்கம் போவதே பிடிக்கவில்லை. நீங்கள் இரண்டு முறை அங்கே போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்? பாதுகாப்பு பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்கள்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அந்த நாளை எடுத்துவிடாதீர்கள். குடிக்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது என்பேன். ஆனால் நகரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போகாதீர்கள். முதல் பயணத்தில் நான் செய்த தவறு அதுதான். இறங்கிய மறுநாளே பண்ணைகளுக்குப் போய்விட்டேன். மலையடிவாரத்தில் வரிசை வரிசையாகத் திராட்சை, வளைந்த முகப்பு வைத்த வெள்ளை வீடுகள், ஓக் மர நிழல். அழகாக இருந்தது, அவ்வளவுதான். எதைப் பார்த்தேன் என்று நகரத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது.

நகரத்தின் நடுவில், அடர்லி தெருவின் மேல்முனையில் 'ஸ்லேவ் லாட்ஜ்' என்று ஒரு கட்டடம் இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம். 1679இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டியது, வெளிப்பக்கம் ஜன்னல் இல்லாமல். உங்கள் முதல் நாளை இங்கே தொடங்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சர்ச் சதுக்கம். அங்கே கருங்கல் பாளங்கள் கிடக்கும், மொத்தம் பதினொன்று. உட்காரப் போட்ட கல் என்று நினைத்து ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருப்பார்கள். குனிந்து பாருங்கள், கல்லில் பெயர்கள் வெட்டியிருக்கும். அடிமைகளின் பெயர்கள். சொந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டு ஏப்ரல், செப்டம்பர் என்று மாதங்களின் பெயரை வைத்தார்கள். அதே மாதங்கள் இன்றும் அந்த ஊரில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன.

ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ஊரும் இருக்கும். வங்காளத்திலிருந்து, மலபாரிலிருந்து, இலங்கையிலிருந்து. இன்னும் சிலருக்கு 'வான் டி குஸ்ட்', அதாவது 'கரையிலிருந்து'. எந்தக் கரை தெரியுமா? சோழமண்டலக் கரை. டச்சுக்காரர்கள் அதை வெறுமனே 'கரை' என்றே சொன்னார்கள். பழவேற்காட்டில் அவர்களுக்குக் கோட்டை இருந்தது, 1658இல் நாகப்பட்டினமும் கைக்கு வந்தது. அதையொட்டித் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் வந்தபோது பிழைக்க வழியில்லாத ஆயிரக்கணக்கானவர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் போனது இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா). ஆனால் அதே வணிகத்தின் இன்னொரு முனைதான் கேப், அதாவது இன்றைய கேப் டவுனும் அதைச் சுற்றிய பகுதியும். 1808 வரை அங்கே கொண்டுபோகப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர். அவர்களில் ஏறக்குறைய கால்வாசி இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் மீதிப் பேர். தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் டர்பனும் கரும்புத் தோட்டமும்தான் நம் நினைவுக்கு வரும். கூலிகளை ஏற்றிய அந்த முதல் கப்பல் புறப்பட்டது 1860இல். இவர்கள் அதற்கு இருநூறு வருடம் முந்தியவர்கள். எனக்கு இதை யாரும் பள்ளியில் சொல்லித் தரவில்லை. உங்கள் மகளுக்காவது தெரியட்டும்.

இதைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லன்போஷ் போங்கள். கார் நகரத்தை விட்டு வெளியேறியதும் சாலையோரத்தில் மைல்கணக்கில் தகரக் குடிசைகள் வரும். ஓட்டுநர் வேகமாகக் கடந்துவிடுவார். அந்த மணல் சமவெளிக்குப் பெயர் கேப் ஃப்ளாட்ஸ். நகர மையத்தை ஒட்டியிருந்த 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை வெளியேற்றி, வீடுகளை இடித்து, இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து தள்ளியது. அதற்கும் நகரத்தில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் இருந்தால் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

குடிசைகள் முடிந்து கொஞ்ச நேரத்தில் திராட்சை தொடங்கிவிடும். 1659 பிப்ரவரி 2ஆம் தேதி கேப்பில் முதல் ஒயின் பிழிந்தார்கள் என்று டச்சுக் கம்பெனியின் தளபதி யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முந்தைய வருடம்தான் முதல் பெரிய அடிமைக் கூட்டம் வந்து இறங்கியது. இந்த இரண்டு தேதிகளையும் பிரிக்க முடியாது. மண்ணைக் கொத்தியது, கொடி நட்டது, வெள்ளை வீடுகளுக்குச் செங்கல் அறுத்தது எல்லாம் அந்த மனிதர்கள். ஸ்டெல்லன்போஷைத் தன் பெயரில் நிறுவிய ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல்லின் பாட்டியே இந்தியக் கரையிலிருந்து அடிமையாகப் போன பெண். பழைய பண்ணைகள் பலவற்றில் இரண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு மணி தொங்கும். எல்லாரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். விடியலில் அடிமைகளை வேலைக்குக் கிளப்ப அடித்த மணி அது.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருக்கு மதுவின்மேல் இருக்கும் கோபத்துக்கு அந்த மண்ணில் முழு நியாயம் இருக்கிறது. 'டாப்' என்று ஒரு முறை இருந்தது. கூலியில் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுப்பது, அதுவும் ஒரே நாளில் பல தடவை. 1960களில் சட்டப்படி தடை வந்தும் பல பண்ணைகளில் 1990கள் வரை ஓடியது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஸ்டெல்லன்போஷ் இருக்கும் வெஸ்டர்ன் கேப் மாகாணமும் ஒன்று. இதை அறிந்தபின் என்னால் அங்கே கோப்பையைத் தூக்கிப் பார்த்து மணம் பேச முடியவில்லை. ஆனாலும் போவேன், மறுபடியும் போவேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். மே மாதம் அங்கே இலையுதிர்காலம். அறுவடை மார்ச், ஏப்ரலோடு முடிந்திருக்கும், இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு ஏற்றிய திராட்சையைப் பார்த்த கண்ணுக்கு, அங்கே பந்தல் இல்லாமல் இடுப்பளவு கட்டையாக நிற்கும் பழைய கொடிகள் வேறு ஏதோ செடிபோலத் தெரியும். பல பண்ணைகளில் சிறுவர்களுக்குத் திராட்சைச் சாறு தருகிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேபிள் மவுண்டனைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். 1086 மீட்டர் உயரம். காற்று பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். வானம் தெளிந்த முதல் காலையிலேயே, மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஏறிவிடுங்கள்.

கடற்கரைக்கு இரண்டு நாள் தாராளம். ஹவுட் பேயிலிருந்து சாப்மன்ஸ் பீக் சாலை வழியாகப் போங்கள், மலையைக் குடைந்து செதுக்கிய சாலை, 1922இல் திறந்தது. பிறகு சைமன்ஸ் டவுனில் பெங்குவின்கள். மரப்பாதையில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் நடந்து போகும், கழுதைபோலக் கத்தும். மகள் நகரவே மாட்டாள். 2024இல் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்திருக்கிறார்கள் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். கேப் பாயிண்டில் இரண்டு பெருங்கடல்கள் கலக்கின்றன என்று வழிகாட்டி சொல்வார், கன்னியாகுமரி நினைவும் வரும். ஆனால் முறையான எல்லை அங்கே இல்லை, இன்னும் தென்கிழக்கே உள்ள அகல்ஹாஸ் முனையில் இருக்கிறது. திமிங்கிலத்துக்கு ஜூனுக்கு மேல் போக வேண்டும்.

பாதுகாப்பு: இருட்டிய பிறகு நடக்க வேண்டாம், எவ்வளவு பக்கமாக இருந்தாலும் டாக்ஸி. காருக்குள் கண்ணில் படும்படி பையை வைக்காதீர்கள். மலைப்பாதைகளில் தனியாக ஏறாதீர்கள். பகலில் நகர மையம், அதையொட்டிய போ-காப் குடியிருப்பு எல்லாம் குடும்பத்தோடு நடக்கலாம். நான் நடந்திருக்கிறேன்.

போ-காப்புக்கு ஞாயிறு காலை போவது நல்லது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த முஸ்லிம் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. நாட்டின் முதல் பள்ளிவாசலும் அங்கேதான், 1794இல் எழுந்தது. வீட்டு வாசல்களிலேயே கூசிஸ்டர் விற்பார்கள். ஏலக்காய் போட்ட மாவைப் பொரித்து, பாகில் ஊறவைத்து, தேங்காய்த்தூளில் புரட்டியது. சூடாகச் சாப்பிட வேண்டும். உங்கள் மாமியாருக்குக் கட்டாயம் பிடிக்கும். ஊறுகாயை அங்கேயும் 'அச்சார்' என்கிறார்கள்.

அப்புறம், ஸ்டெல்லன்போஷ் ஊருக்குள்ளேயே பழைய வீடுகள் சிலவற்றை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 1709ஆம் வருடத்து வீடு. பண்ணைகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது அங்கே போங்கள். நான் போனபோது ஒரு படுக்கையைப் பார்த்தேன். மரச்சட்டத்தில் தோல்வாரை இழுத்துப் பின்னியிருந்தது, நம் கயிற்றுக் கட்டில் மாதிரியே. அங்கிருந்த அம்மாவிடம் உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஆஃப்ரிக்கான்ஸில் "காட்டெல்" என்றார். நம் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழியாக அங்கே போய்ச் சேர்ந்த சொல். நான் "கட்டில்" என்றேன். அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உங்கள் மகளையும் கேட்கச் சொல்லுங்கள்.