தோ பாயோவில் ஒன்பது நாட்கள்

கேள்வி: ஆசியாவின் நவீன நகரம் ஒன்றில் வாழும் நண்பரைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியாகப் போயிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி? போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

போயிருக்கிறேன். சென்ற ஆண்டு, சிங்கப்பூருக்கு, ஒன்பது நாட்கள். மட்டக்களப்பின் கல்லடியில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்து, ஒரே சைக்கிளில் இரண்டு பேராகப் பள்ளிக்கூடம் போன தோழி அங்கே தாதியாக வேலை செய்கிறாள். பதினான்கு வருடங்களாக "எப்போது வருகிறாய்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். வெளிநாட்டு லீவு கேட்டு விண்ணப்பம் கொடுத்து, அது மேசை மேசையாக நகர்ந்து கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் எனக்கே ஆசை பாதி தணிந்துவிட்டது.

முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் பல உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றில் காசைக் கொட்டிவிட்டு வந்து, "விசா கட்டணம் பரவாயில்லை" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த அட்டையில் தங்குமிட முகவரி கேட்பார்கள். நண்பர் வீடு என்றால் தொகுதி எண், மாடி எண், வீட்டு எண் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வாடகை அறையில் இருக்கிறார் என்றால், வீட்டுக்காரர் விருந்தாளியை அனுமதிப்பாரா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். பலர் அனுமதிப்பதில்லை. என் தோழிக்குச் சொந்த வீடு என்பதால் எனக்கு அந்தச் சங்கடம் வரவில்லை.

பொதி கட்டிய கதை வேறு. தோழியின் அம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். "மகள், இதையும் கொண்டு போங்கள்" என்று ஒவ்வொரு நாளும் ஒரு பையோடு வந்து நின்றார். தொதல், முறுக்கு, மாசித்தூள், வறுத்த அரிசிமா, கஜு. கடைசி நாள் ஒரு சட்டி எருமைத் தயிர். பனையோலை உறிபோல் கயிறு கட்டி, கையில் தூக்கிப் போக வசதியாக. "விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம்தானே?" என்று கேட்டார். அவர் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டேன். அந்தத் தயிர் கொழும்பில் என் சித்தி வீட்டோடு நின்றுவிட்டது. தோழியின் மாமியாருக்கென்று களுதாவளை வெற்றிலையும் பொட்டலத்தில் இருந்தது. அதனுள் அடக்கமாக வைத்திருந்த புகையிலைத் துண்டை நானே எடுத்து வெளியே வைத்தேன். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குக் கொண்டு போகவே கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பெட்டிகூடத் தீர்வையில்லாமல் விடமாட்டார்கள். சூயிங்கம் 1992 முதலே தடை.

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போல; அங்கிருந்து சிங்கப்பூருக்கு நான்கு. எது வெளிநாட்டுப் பயணம் என்று எனக்கே குழப்பம்.

இனி நான் செய்த பிழை. போகும் முன்பே ஒரு கொப்பியில் இருபத்திரண்டு இடங்களை எழுதி வைத்திருந்தேன். போய் இறங்கிய மறுநாளே அதை அவளிடம் நீட்டினேன். அவள் இரவுக் கடமை முடித்து வந்து, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "வா, போவோம்" என்று கிளம்பினாள். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய கட்டடத்துக்குள்ளே 40 மீற்றர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி, சிங்கச் சிலை, மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல் நிற்கும் ஹோட்டல், ஆர்ச்சட் தெரு. இரண்டு நாட்களில் பதினொன்று முடித்தேன். படங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் எதைப் பற்றியும் இப்போது நான்கு வரி எழுதச் சொன்னால் என்னால் முடியாது.

இரண்டாம் நாள் இரவு கரையோரப் பூங்காவுக்குப் போனோம். 50 மீற்றர் வரை உயர்ந்த இரும்பு மரங்கள், இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு விளக்கு நிகழ்ச்சி, பார்க்கக் காசு வேண்டியதில்லை. சனம் நிலத்தில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறது. நானும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் ஏதோ கனத்தது. அவள் தூங்கிப்போயிருந்தாள். சாய்ந்து தூங்கவும் இல்லை, விழுந்து தூங்கினாள். பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம் மாறி மாறி அவள் முகத்தில் விழுகிறது, கண்ணிமை அசையவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன். ஓயாமல் கழுவிக் கழுவி விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது. முப்பது மணி நேரமாக அவள் படுக்கவில்லை என்பது அப்போதுதான் கணக்கில் வந்தது. அந்தக் கொப்பியை அதன் பிறகு நான் திறக்கவில்லை.

மறுநாள் அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த கடமை அட்டவணையைப் பார்த்து என் ஒன்பது நாட்களையும் மாற்றி எழுதினேன். அவள் தூங்கும் நேரம் நான் தனியே வெளியே. அவள் விழித்திருக்கும் நேரம் நான் வீட்டில். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான்: நண்பருடைய வேலை அட்டவணையை டிக்கெட் எடுப்பதற்கு முன்னரே கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு லீவு என்பதற்காக அவருக்கும் லீவு என்று ஆகிவிடாது.

தனியே சுற்றுவதற்கு அதைவிட இலகுவான ஊரை நான் கண்டதில்லை. தோழியின் வீடு இருக்கும் தோ பாயோ, 1987 நவம்பரில் நகர ரயில் ஓடத் தொடங்கிய முதல் ஐந்து நிலையங்களில் ஒன்று. அங்கிருந்து நொவீனா, அடுத்தது நியூட்டன், அங்கே மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. வீட்டு வாசலில் இருந்து சேராங்கூன் சாலையில் தோசை சாப்பிட உட்காரும் வரை அரை மணி நேரம். ரயில் அட்டை ஒன்றை வாங்கித் தட்டினேன், வாயில் திறந்தது, அவ்வளவுதான். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் அபராதம். டுரியான் பழத்துக்கும் இடமில்லை. டுரியானின் மணத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் அந்தச் சட்டத்தை எதிர்க்கமாட்டார்கள்.

தமிழ் அங்கே நான்கு உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்று. நாணயக் குற்றியில் "சிங்கப்பூர்" என்று தமிழில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தமிழுக்குக் கொஞ்சம் பழக வேண்டும். டொலரை வெள்ளி என்கிறார்கள், லிஃப்டை மின்தூக்கி என்கிறார்கள், நகர ரயிலைப் பெருவிரைவு ரயில் என்கிறார்கள். தாதி மட்டும் இரண்டு ஊரிலும் தாதிதான். ஒரு வெள்ளி எங்கள் காசில் இருநூறு ரூபாய்க்கு மேல். ஒவ்வொன்றையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தால் பச்சைத் தண்ணீரும் தொண்டையில் இறங்காது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம், போத்தல் கொண்டு போங்கள்.

உணவங்காடி நிலையத்தில் ஓர் அவமானம் நடந்தது. மதிய நேரம், இடமே இல்லை. ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது, நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன கடதாசிக் கைக்குட்டைப் பொட்டலம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசையத் தொடங்கினேன். தட்டோடு வந்த ஒரு சீன முதியவர் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தட்டைத் தானே கொண்டு போய் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் சொன்னதும் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். இடம் பிடிக்கிற முறை அதுதானாம். எங்கள் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைலேஞ்சியைப் போடுவதுபோல! சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது 2021 முதல் சட்டம். நான் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தேன். யாரும் பிடிக்கவில்லை.

இனி வீடு. சிங்கப்பூரில் வசிப்பவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதைச் சுருக்கி வீவக வீடு என்கிறார்கள். தோழியின் வீடு பதினோராம் மாடியில். கிளம்பும்போது அவளுடைய அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்: "வீடு யார் பெயரில் என்று மெதுவாகக் கேட்டு வாருங்கள்." எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, தெரியும்தானே. தாய்க்கு அந்த ஒரு கவலைதான். கேட்டேன். இரண்டு பேர் பெயரிலும் என்றாள். ஆனால் அது 99 வருடக் குத்தகை. அவளுடைய கணவர் இதை விளக்கிச் சொன்னபோது, "அதற்குப் பிறகு?" என்று நான் கேட்டேன். "அதற்குப் பிறகு நாம் எங்கே இருப்போம் அக்கா?" என்றார். நியாயம்தான். ஆனாலும் காணி உறுதியை அலுமாரிக்குள் பூட்டி வைத்துப் பழகிய ஊர்க்காரிக்கு அது முழுதாகச் செரிக்கவில்லை.

கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பார்த்தால் அங்கே மலாய்க் கல்யாணப் பந்தல். அடுத்த தொகுதியின் கீழே சீனர் ஒருவரின் சாவீடு. ஒரு தொகுதியில் எந்த இனத்தவர் எத்தனை வீதம் என்று 1989 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் கரையில் வீதியோடு போனால் ஒரு ஊர் முடிந்ததும் கோயில் மணி நின்று பாங்கொலி தொடங்கும். இன்னும் கொஞ்சம் போனால் திரும்பவும் கோயில். இங்கே அதை மாடிக்கு மாடி செய்திருக்கிறார்கள். வீட்டை விற்க நினைக்கும்போது அந்த வரம்பு சிலருக்குத் தலைவலி என்று கணவர் முணுமுணுத்தார். அருகருகே வைத்துவிட்டால் பழகிவிடுவார்கள் என்பது எனக்கும் முழு நம்பிக்கையில்லை. ஆனால் மின்தூக்கிக்குள் மலாய்க்கார அம்மா ஒருவர் தோழியின் பையில் இருந்த வெண்டிக்காயைப் பார்த்து விலை கேட்டதை நான் கண்டேன்.

அந்த வீட்டில் நான் ஆசையாகப் பார்த்தது துணி காயப்போடுவது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, சுவரில், குழாய் குழாயாகப் பதித்திருக்கிறார்கள். நீண்ட மூங்கில் கழியில் ஈரத்துணிகளைக் கோத்து, கிளிப்பு மாட்டி, கழியின் அடியை இடுப்பில் ஊன்றி, ஜன்னலுக்கு வெளியே தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி அந்தக் குழாய்க்குள் செருக வேண்டும். கழி முன்னால் போகப் போகப் பாரம் ஏறும். பதினொரு மாடிக்குக் கீழே ஆட்கள் நடக்கிறார்கள். என் அடிவயிறு கலங்கியது. அவளோ மூச்சைப் பிடித்து ஒரே தள்ளில் செருகிவிட்டு, "கொக்கத்தடி பிடித்த கைதானே கா" என்றாள். அடுத்த வீட்டு மாங்காயை ஆய்வதற்கு நாங்கள் வைத்திருந்த தடி அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தேன்.

அந்தக் "கா"வைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் வேலையிடத்து ஆட்களோடு கதைக்கும்போது ஒவ்வொரு வசனமும் "லா" என்று முடியும். அந்த ஊர்ப் பேச்சு அப்படி. தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர்ப் பேச்சின் "கா" வந்துவிடும். இடையில் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ஒரே ஒரு முறை, தூக்கக் கலக்கத்தில், "சாப்பிடு லா" என்றாள். எனக்கு ஏனோ கொஞ்சம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முழு ஓய்வு. செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனோம். இலங்கைத் தமிழர்கள் வளர்த்தெடுத்த கோயில் அது. அது இருக்கும் தெருவின் பெயர் சிலோன் ரோடு. எங்கள் நாடு 1972இல் கழற்றி வைத்த பெயர் அங்கே பலகையில் பளிச்சென்று நிற்கிறது. அவளுடைய அம்மா மஞ்சள் துணியில் முடிந்து தந்த நேர்த்திக்காசை உண்டியலில் போட்டேன். ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்?" என்றார். மட்டக்களப்பு என்றேன். யோசித்தார். "திருகோணமலைக்குப் பக்கமோ?" பக்கம்தான் என்று சொல்லி வைத்தேன். இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணம் என்ற கணக்கு கடல் கடந்தும் மாறவில்லை.

ஊருக்கு வந்து மறுநாள் தோழியின் அம்மாவிடம் போனேன். அருவியைக் காட்டினேன், இரும்பு மரங்களைக் காட்டினேன். "வடிவுதான்" என்று விரலால் தள்ளிக்கொண்டே போனார். மூங்கில் கழிப் படம் வந்ததும் நிறுத்தினார். மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ஜன்னலுக்குக் கம்பி போடவில்லையா மகள்?"