பூட்டிய மின்னஞ்சலுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகிறேன். ஜிமெயிலை விட்டு, சந்தா கட்டி, கடிதங்களைப் பூட்டி (என்கிரிப்ட் செய்து) வைக்கும் புரோட்டான் மெயிலுக்கு மாற நினைக்கிறேன். அரசாங்கமே கேட்டாலும் நம் மெயிலைப் படிக்க முடியாது என்கிறார்களே, சரிதானா?

பதில்: மெயிலுக்குள் எழுதியதைப் பொறுத்தவரை பெருமளவு சரி. எழுதியது யார் என்பதை மறைப்பது வேறு சங்கதி. விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகின்றன.

புரோட்டான் சுவிட்சர்லாந்து நிறுவனம். உங்கள் கடிதங்களைத் திறக்கும் சாவி உங்கள் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருப்பதால் அவர்களாலும் திறக்க முடியாது. ஆனால் அனுப்புநர், பெறுநர், தேதி, நேரம், சப்ஜெக்ட் வரி எல்லாம் அந்தப் பூட்டுக்கு வெளியே இருப்பவை. 2021-இல் பிரான்ஸ் காவல்துறை சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரைத் தேடியபோது, சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி புரோட்டான் அவருடைய ஐ.பி. முகவரியை (எந்த இணைய இணைப்பிலிருந்து நுழைந்தார் என்று காட்டும் எண்) பதிவுசெய்து கொடுத்தது. 2024-இல் வெளியே தெரிந்த ஸ்பெயின் வழக்கில் கொடுத்தது ரெகவரி ஈமெயில் முகவரியை, அதாவது பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்பதற்காகப் பதிந்து வைக்கும் வேறொரு முகவரியை. அது ஆப்பிள் முகவரி என்பதால், ஆப்பிளிடம் கேட்டு ஆள் யார் என்று கண்டுகொண்டார்கள். கடிதத்தின் பூட்டை யாரும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே கணக்கு தொடங்கும்போது ரெகவரி ஈமெயில், போன் எண் இரண்டையும் காலியாக விடுங்கள். அமைப்புகளில் ரெகவரி பகுதிக்குப் போய் 12 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரை எடுத்து, தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இதைச் செய்யாமல் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் புதிதாக மாற்றினால், பெட்டி திறக்கும். பழைய கடிதங்கள் திறக்கா. வழக்குக் கட்டுகளை அதில் வைத்திருந்தால் போச்சு.

எந்தச் சேவைக்கும் பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் பாஸ்வேர்டை மறந்தால் பழைய மெயிலை நீங்களே மீட்டுத் தர முடியுமா?’ நீங்கள் எடுத்து வைத்த மீட்புத் தொடரோ மீட்புக் கோப்போ இல்லாமல் முடியும் என்றால் சாவி அவர்களிடம் இருக்கிறது. உத்தரவு வந்தால் அதுவும் போகும். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் பயன்படுத்திய லாவாபிட் மெயில் சேவை 2013-இல் இந்த இடத்தில்தான் மாட்டியது. மொத்தச் சேவைக்குமான சாவியை அமெரிக்க அரசு கேட்டது. உரிமையாளர் லேடார் லெவிசன் கடையையே மூடிவிட்டார்.

கேள்வி: என் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஜிமெயில்தான். நான் மட்டும் மாறினால் பயன் உண்டா?

பதில்: பாதிப் பயன். நீங்கள் அனுப்பும் சாதாரண மெயிலின் பிரதி கட்சிக்காரரின் ஜிமெயிலில் பூட்டில்லாமல் கிடக்கும். அவர் எழுதுவதும் உங்கள் பெட்டிக்குப் பூட்டில்லாமல்தான் வந்து சேரும். வந்த பிறகே பூட்டப்படும். இதேபோல் பூட்டிய மெயில் தரும் ஜெர்மனியின் டூட்டா நிறுவனத்துக்கு 2020-இல் கொலோன் நீதிமன்றம் இட்ட உத்தரவு இந்த இடைவெளியைக் குறிவைத்தது: ஒரு குறிப்பிட்ட கணக்குக்குப் பூட்டில்லாமல் வரும் மெயிலைப் பூட்டும் முன் பிரதி எடுக்க வேண்டும் என்று.

இதற்குப் புரோட்டானில் உள்ள ஒரு வழி, பாஸ்வேர்டு போட்ட மெயில். எழுதும் பெட்டியின் கீழே உள்ள பூட்டுக் குறியைத் தொட்டுக் கடவுச்சொல் வைத்தால், எதிராளிக்கு ஒரு இணைப்பு மட்டும் போகும். அவர் அதைத் திறந்து கடவுச்சொல் போட்டுப் படிக்கலாம், அங்கிருந்தே பதிலும் எழுதலாம். வழக்கமாக 28 நாளில் அது காலாவதியாகும், எனவே முக்கியமான ஆவணத்தை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நேரில் சொல்லுங்கள். அதே ஜிமெயிலுக்கு இன்னொரு மெயிலாக அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்! சப்ஜெக்டில் ‘ஆவணம்’ என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, முறையான உத்தரவு இருந்தால் பூட்டைத் திறக்க உதவ வேண்டிய கடமை நிறுவனத்துக்கு மட்டுமல்ல, கணக்கு வைத்திருப்பவருக்கும் உண்டு. மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. திறந்து கிடக்கும் போன் கையில் சிக்கினால் எந்த என்கிரிப்ஷனும் உதவாது என்பது தனி.

கேள்வி: 2 வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருகிறார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு புரோட்டான் முகவரியிலிருந்து வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்ததை அடுத்து இந்தச் சேவையைத் தடுக்கும் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றமும் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. முதலில் இலவசக் கணக்கில் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். பூட்டு இலவசத்திலும் அதேதான். பணம் கட்டினால் கூடுவது இடம், கூடுதல் முகவரி, சொந்த டொமைன் (@ குறிக்குப் பின் உங்கள் சொந்த இணையப் பெயர்). பிடித்தால் மாதக் கட்டணமாகக் கட்டுங்கள். முக்கியக் கடிதங்களை அவ்வப்போது கணினியில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: பணம் செலவில்லாமல், இருக்கிற முகவரியிலேயே பூட்ட வழி இல்லையா?

பதில்: உண்டு, கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் 78-ஆம் பதிப்பு முதல் ஓபன்பிஜிபி என்ற பூட்டும் முறை உள்ளேயே இருக்கிறது. கணக்கு அமைப்புகளில் ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்’ பகுதியில் சாவி உருவாக்குங்கள். அது ஜோடியாக வரும்: மற்றவர் உங்களுக்குப் பூட்டி அனுப்பப் பொதுச் சாவி, நீங்கள் திறக்க ரகசியச் சாவி. ரகசியச் சாவியை உடனே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் போனால் சாவியும் போகும், கடிதங்களும் போகும். பொதுச் சாவியை எதிராளிக்கு அனுப்புங்கள், அவருடையதை வாங்குங்கள். இருவரும் போனில் பேசிச் சாவியின் கைரேகை எண்ணை (ஒவ்வொரு சாவிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒப்பிடுங்கள். இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். நடுவில் ஒருவர் தன் சாவியை நுழைத்துவிட்டால் பூட்டுவதே வீண். சாவிக்கு வழக்கமாக 3 ஆண்டு ஆயுள், தேதியைக் குறித்து வைத்து நீட்டியுங்கள். மெயிலை வெறும் எழுத்தாகக் காட்டும்படி வையுங்கள்: 2018-இல் வெளியான ஈஃபெயில் ஓட்டை, எச்டிஎம்எல் மெயில் (வலைப்பக்கம் போல் படமும் இணைப்பும் கொண்ட மெயில்) வழியாகத்தான் திறந்த கடிதத்தை வெளியே கசியவிட்டது.

கேள்வி: கூடவே விபிஎன் (நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டால் ஐ.பி. மறையுமா?

பதில்: மெயில் நிறுவனத்திடமிருந்து மறையும், விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐ.பி. ஆகியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. வாங்கும் முன் பதிவுகள் பற்றிய அவர்கள் விதியைப் படியுங்கள். விபிஎன் போடாமல் ஒரே ஒரு முறை உள்ளே நுழைந்தாலும் வீட்டு ஐ.பி. மெயில் நிறுவனத்தின் கண்ணில் பட்டுவிடும்.