போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிளுக்குக் குறைந்த செலவில் மாற்றுப் பேரல்: எதைப் பார்த்து வாங்குவது?

துப்பாக்கிக் குழலான பேரல் தேய்ந்துவிட்டது, கையில் பணம் குறைவு, மலிவாக எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "மலிவுப் பேரலில் காசைக் கொட்டாதே, கூடக் கொஞ்சம் போட்டுப் பெரிய கம்பெனிப் பேரலாக வாங்கு." அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வேட்டைக்குப் போகிற எல்லாரிடமும் போட்டிக்குச் சுடுகிறவர்களின் பணம் இல்லை. அந்த அளவுக்குத் துல்லியமும் நமக்குத் தேவை இல்லை.

நீங்களும் என்னைப் போல வருஷத்தில் சில தடவை காட்டுக்குப் போகிறவர், 200 மீட்டருக்கு மேல் சுடாதவர் என்று வைத்துக்கொள்கிறேன். குண்டுகளின் சிதறலை அளக்கும் கோண அலகான எம்.ஓ.ஏ. ஒன்று என்பது 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ. ஒன்றரை எம்.ஓ.ஏ. காட்டுகிற சாதாரணப் பேரல்கூட 200 மீட்டரில் 9 செ.மீ. வட்டத்துக்குள் போடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. அகலம். நடுத்தர விலைப் பேரல் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் முதலில் பேரல்தான் பிரச்சினையா என்று பாருங்கள். என்னுடையது .243 வின்செஸ்டர் தோட்டா சுடும் சாவேஜ் 110. நெருக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகச் சிதற ஆரம்பித்தது. பார்த்தவர்கள் எல்லாம் "பேரல் போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். ஒருவர்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நான் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மவுண்டில் உள்ள திருகுகளையும், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதியான ஆக்‌ஷனை பிடிக்கட்டையான ஸ்டாக்கோடு பிடிக்கிற திருகுகளையும் முறையாக இறுக்கினேன். நல்லது என்று தெரிந்த வேறு ஒரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டேன். பேரலின் வாய் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் நெருடவில்லை. அங்கே ஒரு சின்ன வடு இருந்தாலே குண்டு கோணலாக வெளியேறும். அதை மட்டும் கடைந்து சரிசெய்ய ஆகும் செலவு, புதுப் பேரலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் செம்பு. குண்டின் மேலுறையிலிருந்து பேரலுக்குள் ஒட்டிக்கொள்ளும் படிவு அது, கரைந்தால் நீலமாக வரும். அம்மோனியா கலந்த கரைசலை ஊற்றித் துணித்துண்டைத் தள்ளினால் மயில் கழுத்து நீலத்தில் வெளியே வந்தது. கரைசலை ஊறவிட்டு மறுபடி தள்ளினாலும் நீலம். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாமல் தள்ளினேன். பல பேரல்கள் இந்த இடத்திலேயே உயிர் பிழைத்துவிடும். என்னுடையது பிழைக்கவில்லை. கடைசியில் குழலின் உட்புறத்தைக் காட்டும் போர்ஸ்கோப்பை விட்டுப் பார்த்தபோது, தோட்டா உட்காரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழற்றும் ரைஃப்ளிங் வரிகள் தொடங்குகிற இடம் முழுக்க வற்றிய ஏரியின் களிமண் மாதிரி வெடிப்பு. .243இல் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். .308 வின்செஸ்டர் தோட்டாவின் அளவுக்கே வெடிமருந்தை வைத்துக்கொண்டு அதைவிடச் சின்ன துளை வழியாக எரிக்கிற தோட்டா அது. வெப்பம் பெரும்பாலும் ரைஃப்ளிங் தொடங்கும் அந்த இடத்தில்தான் விழும். அதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் பேரல் தேடினேன்.

குறைந்த செலவுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, யாராவது புதுத் துப்பாக்கி வாங்கி உடனே வேறு பேரல் போட்டுக்கொண்டு, கழற்றி விற்கிற, துப்பாக்கியோடு வந்த பேரல். இதுதான் பொதுவாக எல்லாவற்றிலும் மலிவு. என்னைக் கேட்டால் மதிப்பும் இதற்குத்தான் அதிகம். இரண்டாவது, சேம்பர் வெட்டி, மரை போட்டுத் தயாராக வருகிற பேரல். மூன்றாவது, வெறும் குழலை வாங்கித் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பது. இதில் கூலி பேரலின் விலையைத் தாண்டிவிடலாம்.

எந்த வழி என்பதை உங்கள் ஆக்‌ஷன்தான் முடிவு செய்யும். சாவேஜ் 110 வந்தது 1958இல். அதில் பேரலை ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கும். நட்டைத் தளர்த்திப் பேரலை முன்னும் பின்னும் திருகி ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டும் இடத்துக்கும் உள்ள தூரம்) வைத்துக்கொள்ளலாம், கடைசல் எந்திரம் தேவை இல்லை. ஆனால் அதிலும் பேரலின் மரைப் பகுதி இரண்டு பருமன்களில் உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள். ரெமிங்டன் 700, பழைய மவுசர் 98 போன்றவற்றில் பேரலின் தோளோ பின்முனையோ ஆக்‌ஷனில் வந்து முட்டி நிற்கும். மரை பொருந்திவிட்டது என்பதால் இன்னொரு துப்பாக்கியின் பேரல் இதில் சரியான ஹெட்ஸ்பேஸில் உட்காரும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றையும் அளந்தே ஆகவேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பேரலில் இருக்கிற கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், முறுக்கைப் பாருங்கள். ரைஃப்ளிங் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது நீங்கள் சுடப்போகும் குண்டின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். 1955இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். வின்செஸ்டர் 10 அங்குல முறுக்கு வைத்தது, ரெமிங்டன் 12. மானுக்கு 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) குண்டு வேண்டும் என்று கேட்டவர்கள், 12 அங்குல முறுக்கில் அதை நம்பிச் சுட முடியாத .244ஐ ஒதுக்கிவிட்டார்கள். 1963இல் அதே தோட்டா 6 மி.மீ. ரெமிங்டன் என்ற புதுப் பெயரில் வந்தபோது முறுக்கு 9 ஆகியிருந்தது. அதற்குள் .243 சந்தையைப் பிடித்துவிட்டது. ஒரு நல்ல தோட்டாவையே சாய்த்த விஷயம் நம் பேரலை விட்டுவைக்குமா?

இன்றைக்கு இது இன்னும் முக்கியம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. முழுச்செம்புக் குண்டு அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும், அதனால் வேகமான முறுக்கு, அதாவது குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று கேட்கும். நான் செம்புக்கு மாறுவதாக இருந்ததால் 8 அங்குல முறுக்கு உள்ள, கழற்றி விற்ற பேரலைத் தேடிப் பிடித்தேன். துருப்பிடிக்காத எஃகு கிடைக்கவில்லை, சாதாரண எஃகு வகையான குரோம்‌மோலிதான். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. வெளிப்பருமன் மட்டும் பழையதைப் போலவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்டாக்கின் பள்ளத்தைச் செதுக்க வேண்டிவரும்.

மிச்சம் பிடித்த காசை ஹெட்ஸ்பேஸ் அளவுமானிகளில் போடுங்கள். .243, 7எம்.எம்.-08, .308 மூன்றும் ஒரே குடும்பம், ஒரே 'கோ', 'நோ-கோ' அளவுமானி மூன்றுக்கும் செல்லும். 'கோ' போட்டால் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ' போட்டால் மூடக்கூடாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட்டிலிருந்து, சுடும் ஊசியையும் காலி உறையைத் தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டால்தான் கைக்குச் சரியாகத் தெரியும். 'கோ' போட்டபோது கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்கியது. 'நோ-கோ' போட்டபோது பாதி வழியில் அழுத்தமாக நின்றது. அந்த நிற்றலை விரல் உணர்ந்தால்தான் எனக்கு நிம்மதி. .243இன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும், முகத்துக்குப் பக்கத்தில். ஹெட்ஸ்பேஸ் அதிகமானால் தோட்டாவின் உறை கிழிந்து வாயு பின்பக்கமாகப் பாயலாம். "எல்லாரையும் வீட்டிலேயே பேரல் மாற்றச் சொல்கிறான்" என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அளவுமானி இல்லாதவர், கைப்பழக்கம் இல்லாதவர் மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

பேரல் வேலையை நன்றாகச் செய்தது. செம்புக் குண்டில் பழைய நெருக்கம் திரும்பிவிட்டது, காட்டிலும் ஏமாற்றவில்லை. ஆனால் முதல் முறை சோதித்துக்கொண்டிருந்த நாளில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சுடுதளத்தில் இலக்கைப் பார்க்க நான் முன்னே போயிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் கேட்காமல் கொள்ளாமல் என் துப்பாக்கியை எடுத்து, போல்ட்டை இழுத்து மூடி, தோளில் வைத்துப் பார்க்கிறார். நான் நிற்கிற திசையில்! திரும்பி வந்து கேட்டால், "சும்மா பார்த்தேன், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா கோபம்?" என்கிறார். ஆள் முன்னே இருக்கும்போது எந்தத் துப்பாக்கியையும் தொடக்கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தரும் பாடம். வருஷக்கணக்காகச் சுடுகிறேன் என்று பெருமை பேசுகிறவர்கள்தான் இதை அதிகமாக மீறுகிறார்கள், பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பாளரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

சரி, விட்ட ஒன்று. பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் பேரல் தனியாகவே உரிமத்துக்கு உட்பட்ட உறுப்பு. துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் விதிகளை ஏற்ற நாடுகளில் பேரல் மாற்றிய துப்பாக்கியைக் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். கழற்றிய பழைய பேரலைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உரிமத்தில் பதிந்த உறுப்பு என்றால், அதை எப்படி ஒப்படைப்பது என்று உரிமம் கொடுத்தவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.