ஐந்து மாதக் குழந்தைக்குத் தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது, தலையின் வடிவத்தைச் சீராக்கும் ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ஊரில் பெரியவர்கள் "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்கிறார்கள், இங்கே டாக்டர் ஹெல்மெட் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், இது முதல் குழந்தை, வீட்டில் ஏற்கெனவே ஒரு சுற்று அழுகை நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கும் ஒரு அப்பா. என் மகன் அந்த ஹெல்மெட்டோடு சில மாதங்கள் வளர்ந்தவன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இது குழந்தையின் அம்மா செய்த தப்பு இல்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். என் மனைவியிடம் யார் யாரோ கேட்டார்கள். "ஒரே பக்கமா போட்டு வச்சிருந்தியா?" "குளிப்பாட்டும்போது தலையைப் பிடிச்சு விடலையா?" "தூக்கவே மாட்டியா?" என்னிடம் ஒருவர்கூட இப்படிக் கேட்கவில்லை. நானும் அதே வீட்டில்தான் இருந்தேன், ராத்திரி பாதி நேரம் அவனைத் தூங்க வைத்தவன் நான்தான். ஆனால் கேள்வி எல்லாம் அவளுக்கு மட்டும்.

உண்மையில் நடந்தது என்ன? 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்காதீர்கள் என்று சொன்னது. 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது அதற்குப் பிறகு பாதிக்கும் கீழே குறைந்தது. கூடவே தலை சப்பையாகும் குழந்தைகள் அதிகமானார்கள். அதற்காகக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்துவிடாதீர்கள். விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போது, எவ்வளவு வேண்டுமானாலும் குப்புறப் போடலாம், போடவும் வேண்டும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான்.

அடுத்தது கழுத்து. என் மகன் எந்நேரமும் வலது பக்கம்தான் திரும்பியிருப்பான். விளையாட்டுச் சாமானை இடது பக்கம் ஆட்டினால் கண் மட்டும் போகும், தலை போகாது. இடது பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்த உடனே சொன்னார். தலை திரும்பாததால் வலது பின்பக்கமே எப்போதும் படுக்கையில் அழுந்தியிருக்கிறது. கழுத்தைச் சரிசெய்யாமல் தலையை மட்டும் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒவ்வொரு டயப்பர் மாற்றும்போதும் கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் கத்துவான். விடாமல் செய்தோம்.

உங்கள் டாக்டரிடம் இன்னொன்றையும் நேரடியாகக் கேளுங்கள்: மண்டை ஓட்டின் இணைப்புகள் எதுவும் சீக்கிரமே மூடிக்கொள்ளவில்லையே? அப்படி மூடியிருந்தால் விஷயமே வேறு. அதற்கு ஹெல்மெட் மட்டும் போதாது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். படுத்துப் படுத்துச் சப்பையான தலையா, இணைப்பு மூடியதால் வந்த கோணலா என்று தெரிந்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும்.

சரி, ஹெல்மெட்டுக்கு வருகிறேன். தலைக்குத் துணிக் குல்லாய் மாட்டி ஸ்கேன் எடுப்பார்கள், வலி எதுவும் இல்லை. தலையின் குறுக்களவை இரண்டு மூலைவாட்டாக எடுத்து, வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொல்வார்கள். அட்லாண்டாவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை வகுத்த அளவுகோல்தான் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 3.5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.25-ஐத் தாண்டினால் நடுத்தரம், 8.75-ஐத் தாண்டினால் கடுமை. என் மகனுக்கு 10-ஐ ஒட்டி இருந்தது. மேலிருந்து பார்த்தால் தலை சாய்ந்த கட்டம் போலத் தெரியும். வலது காது முன்னால் நகர்ந்து, வலது நெற்றி புடைத்திருந்தது.

ஹெல்மெட் தலையை நசுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. புடைத்த இடத்தை ஒட்டி நிற்கும், சப்பையான இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும், தலை வளரும்போது அந்த இடம் நிரம்பும். அதனால்தான் தலை வேகமாக வளரும் நாலு, ஐந்து, ஆறு மாதத்தில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஒரு வயதுக்கு மேல் பெரிய பலன் இருக்காது. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

இப்போது யாராவது ஹெல்மெட்டால் பெரிய பலன் இல்லை என்று சொல்லும் நெதர்லாந்து ஆய்வைக் கொண்டுவந்து போடுவார்கள். நானும் படித்தேன். 2014-இல் வந்தது, 84 குழந்தைகள், ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம் முழுதாகச் சரியானார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. சரிதான். ஆனால் கழுத்துத் தசை இறுகிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. லேசான சப்பைக்கு ஹெல்மெட் வேண்டாம் என்று நானே சொல்வேன், பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும் பயிற்சியும் போதும். கடுமையாக இருந்து, பயிற்சி செய்தும் குறையாதபோது நாங்கள் போட்டோம். இது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நோய் இல்லை என்று எங்கள் டாக்டரும் தெளிவாகச் சொன்னார். அப்படியானால் அழகுக்காகத்தானே என்று கேட்பீர்கள். காது ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் நாளைக்குக் கண்ணாடி நேராக நிற்காது, சைக்கிள் ஹெல்மெட் பொருந்தாது. அழகுக்காகவே இருந்தாலும் அது பிள்ளையின் முகம். அதில் அக்கறைப்படுவது பெற்றவர்களின் ஆடம்பரம் ஆகிவிடாது.

அழகு என்ற அந்த வார்த்தையைத்தான் இன்சூரன்ஸ்காரர்களும் எங்களுக்கு எழுதி அனுப்பினார்கள். பயிற்சி செய்த விவரம், தேதியிட்ட படங்கள், ஸ்கேன் அளவு எல்லாம் வைத்து அப்பீல் செய்த பிறகு ஒரு பகுதி கிடைத்தது. நீங்கள் இன்றைக்கே மேலிருந்து படம் எடுத்து வைக்க ஆரம்பியுங்கள். மொத்தச் செலவு சில ஆயிரம் டாலர் வரும்.

ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும். குளிக்க, துடைக்க, ஹெல்மெட்டைக் காயவைக்க அந்த ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் என் மனைவி அவனை உச்சி முகர்ந்துகொண்டே இருப்பாள், குளிப்பாட்டக் கொடுக்கவே மாட்டாள். டெக்ஸாஸ் கோடையில் வியர்த்துக் கொட்டும், நாற்றம் வரும். தினமும் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். கழற்றும்போது தோல் சிவந்திருந்தால் பயப்படாதீர்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு மறையாவிட்டால் போடாமல் நிறுத்திவிட்டு ஹெல்மெட் செய்தவர்களைக் கூப்பிடுங்கள். குழந்தை சில நாளில் பழகிவிடும். நமக்குத்தான் நாளாகும்.

ஊர்க்காரர்கள் விஷயம். "கடுகுத் தலையணை வச்சா உருண்டையா வரும்" என்று எங்களுக்கும் அத்தையிடமிருந்து பார்சல் வந்தது. பாசத்தோடு தைத்து அனுப்பியதுதான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் தொட்டிலில் எந்தத் தலையணையும் ஆபத்து. தலையைச் சீராக்கும் தலையணைகளை வாங்காதீர்கள் என்று 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. அத்தையிடம் அதைப் பொறுமையாகச் சொன்னேன், புரிந்துகொண்டார். ஒன்பதாம் மாதம் குலதெய்வம் கோவிலில் மொட்டை போட இருந்ததையும் மூன்று வயதுக்குத் தள்ளிவைத்தோம், முடி இறக்கினால் ஹெல்மெட்டின் பொருத்தமே மாறிவிடும். சாமி கோபித்துக்கொள்ளாது என்று சொல்லி வாயை அடைத்தது என் அம்மாதான். வீடியோ காலில் "ஹெல்மெட்டைக் கழற்றிட்டுக் காட்டு" என்று கேட்டவர்களுக்கு நாங்கள் கழற்றிக் காட்டவில்லை. ஹெல்மெட் போட்டிருப்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். இந்த நாட்டில் பிரசவத்துக்குச் சட்டம் தரும் விடுப்பு 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் குறைந்தது 50 பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தால். இந்தியாவில் 2017-இலிருந்து 26 வாரம், சம்பளத்தோடு. என் மனைவி உடம்பு தேறுவதற்குள் லேப்டாப்பைத் திறந்தாள். ஹெல்மெட் அளவு பார்க்கும் ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட்டும் வேலை நாளில், வேலை நேரத்தில். இருந்த விடுப்பு எல்லாம் அதிலேயே கரைந்தது. இவ்வளவு பணக்கார நாட்டில் பெற்றவளுக்கு மூன்று மாதம்கூடக் கூலியோடு கொடுக்க முடியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கழற்றும்போது 4-க்குக் கீழே வந்திருந்தது. அச்சு வார்த்த மாதிரி ஆகிவிடவில்லை, தேடிப் பார்த்தால் வலது பக்கம் கொஞ்சம் தெரியும். காதுகள் நேராகிவிட்டன. எங்களுக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. தெரிந்தவர்கள் யாராவது தங்கள் குழந்தையின் பழைய ஹெல்மெட்டைத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை, அவருக்கு வருத்தம். அது ஒரு குழந்தையின் தலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது. இன்னொரு தலையில் மாட்டினால் அழுந்தக் கூடாத இடத்தில் அழுந்தும்.